பிக்கெட் அவென்யூ ஆலை, டெட்ராய்ட்: அப்பாவோடு 1908 வரை போய் வந்தது

கோடைக்கு அப்பா மிச்சிகன் வந்திருந்தார். முப்பத்தைந்து வருஷம் லாரி ஒர்க்‌ஷாப்பில் கிரீஸும் கையுமாக இருந்த மனுஷர். நயாகராவைக் காட்டினேன், "தண்ணி நிறைய வருதுடா" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. இவரை எங்கேதான் கூட்டிப்போவது என்று முழித்துவிட்டு, பிக்கெட் அவென்யூவில் இருக்கும் ஃபோர்டின் பழைய ஆலைக்குப் போனோம். இப்போது மியூசியம். 1908-ல் ஃபோர்டின் மாடல் டி கார் பிறந்த இடம்.

வெளியிலிருந்து பார்த்தால் பஞ்சாலை மாதிரி நீளமான மூன்று தள செங்கல் கட்டடம். 1904-ல் கட்டியது. உள்ளே மரத் தரை, வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். குறுக்கே தீத்தடுப்புச் சுவர் எழுப்பி நான்கு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். 1901-ல் அதே ஊரில் ஓல்ட்ஸ்மொபைல் கார் ஆலை எரிந்துபோயிருந்தது, அந்தப் பயம் யாருக்குத்தான் இருக்காது.

பளபளக்கும் கார்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, அழகாக இருக்கின்றன. ஆனால் இங்கே போக வேண்டியது மூன்றாம் தளத்தில் தடுத்துக் கட்டிய ஒரு சின்ன அறைக்காக. கார் நுழையும் அளவுக்குக் கதவு, அதற்கொரு பூட்டு. ஹங்கேரியிலிருந்து வந்த வடிவமைப்பாளர் ஜோசப் கலாம்ப் மாடல் டி-யைக் கரும்பலகையில் வரைய, ஹென்றி ஃபோர்டு தன் அம்மாவின் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம். அந்த அறையை மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள். 1908 செப்டம்பர் 27-ல் முதல் வண்டி முடிந்தது என்றால், அதன் தலையெழுத்து இந்த நாலு சுவருக்குள் எழுதியாகிவிட்டது.

எங்களோடு வந்த வழிகாட்டி ஒரு தன்னார்வலர், வயதானவர். அப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, அவருக்குத் தமிழ் சுத்தமாக வராது. நான் மொழிபெயர்த்தது முதல் பத்து நிமிஷம்தான். என்ஜின் பக்கம் போனதும் இருவரும் கைஜாடையில் இறங்கிவிட்டார்கள். நாலு சிலிண்டரும் ஒரே வார்ப்பு, அவற்றை மேலே மூடும் ஹெட் தனி. அப்பா குனிந்து அந்தச் சேர்மானத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டுச் சொன்னார்: "ஹெட்டைத் தனியா இறக்கலாம்டா. இவன் மெக்கானிக்கை நினைச்சுப் பண்ணியிருக்கான்." அதற்கு முன் பல வண்டிகளில் ஹெட்டும் சிலிண்டரும் சேர்ந்தே வார்ப்பாக இருக்கும், கரி எடுக்க சிலிண்டரையே கழற்ற வேண்டும் என்று எனக்குப் பாடம் வேறு நடந்தது. வனேடியம் ஸ்டீல், இருபது குதிரைத்திறன் என்று நான் படித்து வைத்திருந்த எதையும் அவர் காதில் வாங்கவில்லை.

வண்டியைக் கிராங்க் அடித்துத்தான், அதாவது முன்னால் இருக்கும் கைப்பிடியைச் சுழற்றித்தான், கிளப்ப வேண்டும். வழிகாட்டி அதைச் சொல்ல வாயெடுக்குமுன் அப்பா வெறும் காற்றிலே பிடித்துக் காட்டினார். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து. பெரியவர் சிரித்துக்கொண்டே தன் கட்டைவிரலையும் அப்படியே நிமிர்த்திக் காட்டினார். என்ஜின் கைப்பிடியைத் திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். உலகம் பூராவும் ஒரே பயம்தான் போல.

ஒன்று சொல்ல வேண்டும். நகரும் அசெம்பிளி லைனைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். அது 1913-ல், ஹைலேண்ட் பார்க்கில். இங்கே வண்டி நின்ற இடத்தில் நிற்கும், ஆட்கள்தான் அதைச் சுற்றிச் சுற்றி வேலை செய்தார்கள். 1908-ல் ஒரு சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, கயிறு கட்டி இழுத்து ஒத்திகை பார்த்ததாக ஃபோர்டிடம் வேலை பார்த்த சார்ல்ஸ் சோரன்சன் பிற்பாடு எழுதியிருக்கிறார். அப்புறம், ஃபோர்டு என்றாலே கறுப்பு என்பார்களே, ஆரம்ப கால வண்டிகள் சிவப்பு, பச்சை, சாம்பல். ஆரம்ப விலை 850 டாலர். ஏழைகளின் கார் என்று சொல்கிறோம், அந்த வருஷம் இதே ஆலையில் ஸ்பானர் பிடித்தவனால் அதை வாங்கியிருக்க முடியாது. 300 டாலருக்குக் கீழே இறங்கப் பல வருஷம் ஆயிற்று.

சின்னப் பிள்ளைகளோடு போனால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஒர்க்‌ஷாப் பார்த்த அப்பாவோடு போனால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள், எங்களுக்கு மூன்றரை மணிக்குத்தான் பசித்தது. ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், அதில் ஒன்று அந்தப் பெரியவருக்கு.

திரும்பும்போது ஐ-94-ல் நல்ல நெரிசல். பக்கத்து சீட்டில் அப்பாவின் இடது கால் தரை விரிப்பை மெல்ல அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. "முழுசா மிதிச்சா லோ, பாதியில நியூட்ரல், விட்டா டாப்" என்று மாடல் டி-யின் இடது பெடலைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சுமார் எண்ணூறு வண்டிகளில் ரிவர்ஸுக்குத் தனியாக ஒரு லீவர் இருந்தது என்று நான் சொன்னதும் காலை நிறுத்தினார்.

"அதை ஏண்டா அங்கேயே சொல்லல? அவர்கிட்ட கேட்டிருப்பேனே."