ஹென்றியா, கங்காவா?

ஜெயகாந்தனின் பாத்திரங்களுள் வாழ்க்கைப் பார்வையை மாற்றக்கூடியவர் யாரென்று கேட்டால், பலரும் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலின் ஹென்றியையே சொல்வார்கள். வளர்ப்புத் தந்தை சபாபதிப் பிள்ளையின் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தேடிக் கிருஷ்ணராஜபுரம் வரும் அவன், சொத்துக்காக மல்லுக்கு நிற்கத் தயாரான சித்தப்பா துரைக்கண்ணுவை, வழக்காட மனமின்றியே வென்றுவிடுகிறான். படிக்கையில் நம் பிடிவாதமும் தளர்கிறது. ஆனால் குடும்பஸ்தருக்கு அந்த விட்டேற்றித்தனம் எளிதில் வாய்க்காது.

கங்கா அப்படியல்ல. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், மழை நாளில் அந்நியன் ஒருவனின் காரில் ஏறியதால் நேர்ந்ததற்காக அண்ணனால் விரட்டப்பட்டு, படித்து உத்தியோகம் பெற்ற பின்னும் பழியிலிருந்து மீளாதவள் அவள். ஒருவரையே தேர்ந்தெடுக்க வேண்டுமெனில் நான் கங்காவைத்தான் சொல்வேன். ஒரு பெண்ணைப் பற்றி ஏதேனும் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அவள் நினைவுக்கு வந்து தடுக்கிறாள்.