கயிறு கட்டுவது யார் வேலை? 312,500 ரூபாவைத் தொலைத்துவிட்டுக் கேட்கிறேன்

முற்றத்தில் இன்னும் கண்ணாடித் தூள் கிடக்கிறது. கூட்டக் கூட்ட வந்துகொண்டே இருக்கிறது. சின்னவளைச் செருப்பில்லாமல் வாசலுக்கு விடுவதில்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதுங்கள் என்றாள் மனைவி. ஆறிவிட்டால் நான் எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

பெயர்கள் போடவில்லை. கடை, கொழும்பு 12இல் டைல்ஸும் பாத்ரூம் சாமான்களும் விற்கிற பெரிய கடை. மற்றது, போனில் ஒரு செய்தி போட்டால் எந்த ஊருக்கும் லொறி பிடித்துத் தருகிற தரகர் பக்கம். சொந்தமாக ஒரு லொறியும் இல்லாமல் லொறி வியாபாரம் செய்கிற வகை.

உப்புவெளியில் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகள் கட்டி, சீசனுக்கு வருகிற வெளிநாட்டுக்காரருக்கு விடலாம் என்று நினைத்தோம். மே மாதத்துக்கு முன்னர் முடிக்க வேண்டும். சாமான்களை திருகோணமலையிலேயே வாங்கியிருக்கலாம். கொழும்பில் எடுத்தால் ஐம்பதாயிரம் மிச்சம் என்று கணக்குப் போட்ட கெட்டிக்காரன் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

வாங்கியது இவ்வளவு: இரண்டடி டைல்ஸ் 40 பெட்டி, ஷவருக்கு 10 மில்லிமீட்டர் கண்ணாடி மூன்று, கை கழுவும் பேசின் நான்கு. பில் போட்ட பிறகு கடைக்காரத் தம்பி ஒரு இலக்கம் தந்தான். "எங்களுக்கு சொந்த லொறி இல்ல சேர். எல்லாருக்கும் இவங்களத்தான் குடுக்கிறம்." அழைத்தேன். ஒரு பெண் பிள்ளை, தேன் மாதிரிக் குரல். முழு லொறியும் எனக்கு மட்டும், வேறு யாருடைய சாமானும் ஏறாது, 48,000 ரூபா, முழுப் பணமும் முன்கூட்டியே. "வாசல்ல இறக்கும் வரைக்கும் எங்கட பொறுப்பு சேர்." கடைக்குள் நின்றபடியே பணத்தை மாற்றிவிட்டேன்.

பின்னேரம் லொறி வந்தது. நாட்டாமைமார் நான்கு பேர், அரை மணித்தியாலத்தில் ஏற்றிவிட்டார்கள். கண்ணாடிகளை நிமிர்த்தி, இடையில் ஸ்பொஞ்ச் வைத்து, பக்கப் பலகையோடு சாய்த்தார்கள். ஒட்டினாற்போல டைல்ஸ் பெட்டிகள். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் முன்பக்கம், சாரதியின் அறைக்குப் பின்னால், இரண்டடி வெறுமையாகக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். சாரதி சிரித்தார். "பாரம் கொஞ்சம் பின்னுக்கு இருந்தாத்தான் அண்ணே வண்டி குலுங்காது." நீலக் கயிறு, என் சுண்டுவிரல் தடிப்பு. அதை மேலால் எறிந்து, காலை முட்டுக்கொடுத்து இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு பெட்டியில் ஒரு தட்டுத் தட்டி, "பதினெட்டு வருஷமா இந்த ரோட்டுல ஓடுறன். நீங்க போய் நிம்மதியா பஸ்ல தூங்குங்க" என்றார். தேநீரும் வாங்கித் தந்தார், காசு கொடுக்க என்னை விடவில்லை. அந்தத் தேநீர்தான் என்னைக் கவிழ்த்தது. இரண்டடி இடைவெளியை அத்தோடு மறந்துவிட்டேன்.

விடிய 5.40க்குப் படலையில் ஹோர்ன் சத்தம். நான் பஸ்ஸால் வந்து முகம்கூடக் கழுவவில்லை. இறங்கின கையோடு சாரதி ஒரு தாளை நீட்டினார். "இதுல ஒரு கையொப்பம் அண்ணே. கந்தளாய்ல நெல்லு ஏத்தணும், ஏழு மணிக்கு நிக்கச் சொல்லியிருக்காங்க." தெருவிளக்கில் என்ன எழுதியிருக்கிறதென்று பார்க்காமல் வைத்துவிட்டேன். பொருட்கள் நல்ல நிலையில் கிடைத்தன என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இப்போது அந்த வரி எனக்கு மனப்பாடம்.

அதற்குப் பிறகுதான் லொறியை மூடியிருந்த படங்கை இழுத்தார்கள். உப்பு மூடையை அவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஷவருக்குப் போடுகிற அந்த வகைக் கண்ணாடி நடுவில் அடித்தால் தாங்கும், விளிம்பில் சின்னதாக ஒன்று பட்டால் முழுத் தட்டும் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். மூன்றும் உதிர்ந்திருந்தன. டைல்ஸ் பெட்டிகள் முன்னுக்குச் சரிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. கயிறு அப்படியே இருந்தது. முடிச்சு ஒரு நூல்கூட அவிழவில்லை. ஆனால் கயிற்றுக்குக் கீழே என் கை முழங்கை வரை போனது. முடிச்சைப் போட்டவர் போட்டபடியே விட்டிருக்கிறார், உள்ளே இருந்த பாரம்தான் இடம் மாறிவிட்டது.

கண்ணாடி மூன்று, ஒன்று 52,000 வீதம் 156,000. டைல்ஸ் 17 பெட்டி, 119,000. பேசின் இரண்டு, 37,500. மொத்தம் 312,500 ரூபா. லொறிக் கூலி 48,000 வேறு.

"யானை அண்ணே" என்றார் சாரதி. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் குறுக்கே வந்ததாம், பிரேக் அடிக்காவிட்டால் உயிர் போயிருக்குமாம். அந்த வீதியில் இரவில் யானை நிற்பது புதினமில்லை. நம்பினேன். பாவம் என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் கிளீனர் பொடியன், பதினேழு வயதிருக்கும், தும்புத்தடியால் தூளைக் கூட்டிக்கொண்டே வாயைத் திறந்தான்: "தம்புள்ளையில பெயின்ட் வாளி இறக்கினதுக்குப் பிறகு திரும்பக் கட்டல்லதானே." சாரதி அவனைப் பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த இரண்டடி, நான் பஸ் ஏறப் போன பிறகு ஏற்றிய வேறு யாருடையவோ பெயின்ட் வாளிகளுக்கு. தம்புள்ளையில் அவை இறங்கியதும் என் சாமானுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அங்கிருந்து திருகோணமலைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். முழு லொறிக்கும் காசு கொடுத்தவன் நான்.

அதன்பிறகு நடந்ததைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. தரகர் பக்கத்துக்கு அழைத்தேன். தேன் குரல் இல்லை, வேறொருவர். "நாங்க லொறியையும் உங்களையும் சேர்த்துவைக்கிறது மட்டும்தான் சேர். ஏத்துறது கட்டுறதெல்லாம் கடைப் பக்கம்." கடைக்கு எடுத்தேன். "லொறில வைக்கிறதோட எங்கட வேலை முடிஞ்சுது. கட்டுறது சாரதிட வேலை." சாரதிக்கு எடுத்தேன். "நான் ஓட்டுறவன் அண்ணே. அடுக்கினது நாட்டாமைமார். அவங்க சரியா அடுக்கல்ல." நாட்டாமைமாரை நான் எங்கே போய்த் தேட? மறுநாள் தரகர் பக்கம் என் கையொப்பத்தைப் படம் பிடித்து எனக்கே அனுப்பியது. அதற்கடுத்த நாள், நல்லெண்ண அடிப்படையில் அடுத்த பயணத்தில் 5,000 கழிப்பார்களாம். 312,500க்கு 5,000. அதுவும் திரும்ப அவர்களிடமே போனால்.

பக்கத்து வீட்டு ஐயா சீனக்குடா மா ஆலையிலிருந்து கொழும்புக்கு வருடக்கணக்காக மா மூடை ஏற்றி ஓடியவர். வந்து, உதிர்ந்த பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "கயிறு மேலால அமத்தும், முன்னால போறதை மறிக்காது தம்பி. முன்பலகையோட முட்டவெச்சுத்தான் அடுக்கத் தொடங்கோணும். நடுவில ஒண்டு இறங்கினா மிச்சத்தை முன்னுக்குத் தள்ளி, முதல்ல இருந்து கட்டோணும்." வண்டி குலுங்கக் குலுங்கப் பாரம் படியும், படிந்தால் எந்தக் கயிறும் தளரும் என்றார். கந்தளாய் தாண்டினதும் ஒருதரம் நிறுத்திக் கயிற்றை விரலால் சுண்டிப் பார்ப்பாராம், சத்தத்திலேயே தெரியுமாம்.

மச்சானின் மகன் கனடாவில் பிரம்டனிலிருந்து பெரிய ட்ரக் ஓட்டுகிறான். வட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினேன். "மாமா, இங்க இதைக் கேள்வியாவே கேக்கமாட்டினம்" என்று சிரிக்கிறான். யார் ஏற்றினாலும், பாரம் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதென்று பார்க்காமல் சாரதி வண்டியை எடுக்கக் கூடாதாம். புறப்பட்டு 80 கிலோமீட்டருக்குள் நிறுத்தித் திரும்பப் பார்க்க வேண்டும். பிறகு 3 மணித்தியாலம் அல்லது 240 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதற்கொருதரம். சீல் வைத்துத் திறக்காதே என்று கொடுத்த வண்டிப் பெட்டிக்கு விலக்கு உண்டாம். எங்கள் கணக்கில் குருநாகல் வருமுன்னரே ஒருதரம் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். பிரேக் அடிக்கும்போது பாரத்தின் நிறையில் பத்தில் எட்டுப் பங்கு முன்னுக்குத் தள்ளும் என்று வைத்துத்தான் கட்டவேண்டுமாம். என் 40 பெட்டியும் பெட்டி 29 கிலோப்படி 1,160 கிலோ. அப்படியென்றால் ஏறத்தாழ 930 கிலோ முன்னுக்கு. மறிக்க நின்றது ஒரு நீலக் கயிறு. அவுஸ்திரேலியாவிலோ அனுப்புகிறவர், ஏற்றுகிறவர், ஓட்டுகிறவர், லொறி நடத்துகிறவர் எல்லோருமே சட்டப்படி பொறுப்பு, ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்ப முடியாது என்றும் சொன்னான். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது.

இங்கே? தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கதைத்தேன். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான் இன்னும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கொண்டுசெல்பவரிடம் பொருளை ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்ததாக முதலில் கொள்ளப்படுமாம். லொறியைப் பேசியதும் காசு கொடுத்ததும் நான். ஆகவே கடை கையைக் கழுவுவதற்கு ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கிறது. முழு லொறி என்று காசு வாங்கி வேறு சாமான் ஏற்றியதைப் பிடித்துத்தான் தரகர் பக்கத்தோடு மோத வேண்டும் என்கிறார். அதற்குச் சாட்சி அந்தக் கிளீனர் பொடியன். அவனுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் இருந்தேன். கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவும்:

படங்கை அவிழ்த்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையொப்பம் வைக்காதீர்கள், சாரதிக்கு நெல்லு காத்திருந்தாலும் சரி. கட்டுவது யார், உடைந்தால் தருவது யார் என்பதைக் காசு மாற்றுவதற்கு முன்னர் எழுத்தில் வாங்குங்கள், குரலில் வாங்காதீர்கள். ஏற்றி முடிந்ததும் முன்பக்கம், பின்பக்கம், கயிறு எல்லாவற்றையும் படம் எடுங்கள். முன்னுக்கு இடைவெளி இருந்தால் வண்டியை விடாதீர்கள். அரைவாசிக் கூலியாவது இறக்கின பிறகு கொடுங்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், தொலைபேசி 1977. நான் நாளைக்குக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கடைத் தம்பி அழைத்தான். அந்த அளவுக் கண்ணாடி புதிதாக வந்திருக்கிறதாம், எனக்கென்றால் 5 வீதம் கழிவாம். நான் பேசாமல் இருந்தேன். "லொறியும் நாங்களே சொல்லிவிடட்டா சேர்?" என்று கேட்டான்.