சுவிஸ் கொதிகலனில் தென்மராட்சி நெல்

எங்கள் வளவில் நெல் அவிப்பது அப்பாவின் காலத்திலிருந்து நடக்கிறது. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலும் கிளிநொச்சிப் பக்கத்திலும் வாங்கும் நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, மில்லுக்கு அனுப்பிப் புழுங்கல் அரிசியாக விற்கிறோம். மொட்டைக்கறுப்பன் என்ற பாரம்பரிய நெல்லைக் கேட்பவர்களுக்கு அதைத் தனியாக அவித்துக் கொடுப்போம். ஊறவைக்கும் சுடுதண்ணீருக்காகக் கோடிக்குள் ஒரு கொதிகலன் நின்றது. லேத்தில் அடித்த இரும்புப் பெட்டி அது. நடுவில் நெருப்பு, சுற்றிவரத் தண்ணீர், மேலே புகைக்குழாய். 2021 இறுதியில் அதைக் கழற்றிவிட்டு, விறகிலிருந்து வாயுவைப் பிரித்து எரிக்கும் வாயுவாக்கக் கொதிகலன் ஒன்றைப் பூட்டினோம். பார்க்க வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, விறகு மிச்சமா என்றுதான். மிச்சம். பழையதில் ஒரு லான்ட்மாஸ்ரர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி விறகு முடிகிற வேலைக்கு இப்போது அரைப் பெட்டியும் கொஞ்சமும் போதும். ஆனால் அந்த மிச்சம் சும்மா வருவதில்லை. முன்பு நெருப்புக்குப் பக்கத்தில் நின்று பட்ட பாட்டை இப்போது விறகுக்குப் பக்கத்தில் நின்று படுகிறோம்.

கொதிகலன் வந்த வழியையும் சொல்லவேண்டும். சுவிஸில் இருக்கும் மச்சான் தன் வீட்டுக்கு வெப்பப் பம்பி பூட்டியபோது கழற்றி வைத்த பழைய சாமான் இது. குளிருக்கு வீட்டைச் சூடாக்கச் செய்தது, 30 கிலோவாட். வீட்டுச் சாமான்களோடு கொள்கலனில் ஏறி வந்து, கையேடு முழுவதும் ஜெர்மன் மொழியில் இருக்க, எங்கள் கொட்டிலுக்குள் சங்கிலிக் கப்பியில் இறங்கியது. குளிர் என்றால் மார்கழி விடியற்காலைப் பனியை மட்டும் சொல்லும் ஊரில் இதற்கு என்ன வேலை என்று கேட்காதவர் இல்லை.

பழையது ஏன் அப்படிப் புகைத்தது என்பது இதைப் பூட்டிய பிறகுதான் விளங்கியது. உலர்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, சூடேறும்போது வாயுவாகப் பிரிந்துவிடும். மீதிதான் கரி. அந்த வாயு முழுதாக எரிய நல்ல சூடும் காற்றும் வேண்டும். பழைய பெட்டியில் நெருப்பைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் இரும்புச் சுவர் 100 பாகையைச் சுற்றியே இருந்தது. வாயு அந்தச் சுவரில் பட்டுக் குளிர்ந்து, பாதி எரிந்தும் எரியாமலும் புகையாகப் போய்விடும். மிச்சம் தாராகக் குழாயின் உள்ளே ஒட்டும். காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பங்கு பக்கத்து வளவு முருங்கையில் கரியாகப் படிந்துகொண்டிருந்தது.

புதியதில் இரண்டு அறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலறையில் விறகு அடுக்குகிறோம். மின்விசிறி காற்றை இழுக்க, விறகின் அடிப்பகுதி மட்டும் கனன்று வாயுவை விடுகிறது. அந்த வாயு மேலே போகாமல், சுடுகல்லில் வெட்டிய நீள் துவாரம் வழியாகக் கீழறைக்கு இறங்குகிறது. இறங்கும் வழியில் இரண்டாம் காற்று கலந்து, 1000 பாகையை ஒட்டிய சூட்டில் எரிகிறது. அதன் பிறகுதான் வெப்பம் தண்ணீர்க் குழாய்களைத் தொடுகிறது. எரிந்து முடியும் வரை தண்ணீரை நெருப்புக்குக் கிட்ட விடாததில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. கீழ்க் கதவின் சிறு கண்ணாடியில் பார்த்தால் சுவாலை தலைகீழாக, மஞ்சளும் நீலமுமாகக் கீழ்நோக்கிச் சீறும். சுற்றியுள்ள கல் செம்மஞ்சளாகப் பழுத்திருக்கும். அந்த நேரம் வெளியே குழாயில் புகை கண்ணுக்குத் தெரியாது. முதல் கிழமை பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டி, "என்ன தம்பி, இன்றைக்கு நெல் அவிக்கவில்லையா?" என்று கேட்டார். இப்போது அவர் கொடியில் உடுப்புப் போட முன் எங்களிடம் கேட்பதில்லை.

விறகுக்கு வருவோம். இந்தக் கொதிகலனுக்கு ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்கவேண்டும். விறகுகாலையில் "காய்ந்த விறகு" என்று நிறுத்துத் தருவது பெரும்பாலும் வெளித்தோல் மட்டும் காய்ந்தது. துண்டைக் கொத்திப் பிளந்து உள்முகத்தில் ஈரமானியின் ஊசியைக் குத்தினால் உண்மை தெரியும். கணக்கு எளிது. பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர்தான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.7 கிலோவாட் மணி வெப்பம் வீணாகும். அதனால் பச்சை விறகு கிலோவுக்கு 2 கிலோவாட் மணிதான் தரும். 20 சதவீத ஈரத்தில் அது 4 ஆகிறது. எடைக்கு, அந்தர்க் கணக்கில் பச்சை விறகு வாங்குகிறவர் பாதிக் காசுக்குத் தண்ணீர் வாங்குகிறார். பழைய பெட்டி எதைப் போட்டாலும் புகைத்தபடி தின்றது. இது ஈரம் கண்டால் சண்டை பிடிக்கும். மேலறை தாரால் வழியும், சுவாலை பிடிக்காது, புகைக்குழாய் பழைய பழக்கத்துக்குத் திரும்பும்.

அதனால் சித்திரையிலிருந்து ஆவணி வரை எங்களுக்கு விறகுக் காலம். அரை மீற்றர் நீளத்துக்கு அறுத்து, கைமணிக்கட்டுப் பருமனுக்குக் கொத்தி, தகரக் கூரையின் கீழ் காற்றோட்டமாக அடுக்கிவிடுவோம். சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்தால் சில மாதத்தில் சரியான பதத்துக்கு வந்துவிடும். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு விறகு தேடுகிறவருக்கு இந்தக் கொதிகலன் சரிவராது. வேம்பு, பூவரசு, புளி மூன்றும் உத்தமம். முள்முருக்கு பஞ்சு மாதிரி, போட்டதும் காணாமல் போகும். எதிர்பாராமல் கைகொடுத்தது சீமைக்கிளுவை. வேலியில் தானாக வளர்கிறது, வெட்ட வெட்டத் தழைக்கிறது, நன்றாகக் காய்ந்தால் எரிச்சலும் நல்லது. பெரிய, கோணலான துண்டுகளை அடுக்கினால் அவை ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு துவாரத்துக்கு மேலே வெற்றிடம் விழுந்துவிடும். அப்போது கதவைத் திறந்து இரும்புக் கம்பியால் குத்தவேண்டும். திறக்கும் முன் விசிறியைக் கூட்டி ஒரு நிமிடம் பொறுக்காவிட்டால் முகத்தில் புகை அடிக்கும். வாயு திடீரெனப் பற்றிக்கொண்டால் கண்ணிமையும் கருகும்.

உமி போடலாமா என்று மில்காரர் எல்லோரும் கேட்கிறார்கள். இதில் முடியாது. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அது துவாரத்தை அடைத்துவிடும். உமிக்கென்று செய்த உலைகள் வேறு. தேங்காய்ப் பொச்சும் வேண்டாம். அதன் சாம்பலில் பொட்டாசியம் அதிகம், சூட்டில் உருகிக் கட்டியாகிக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். சிரட்டையை விறகோடு கலந்து அளவாகப் போடலாம்.

அடுத்தது தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணக்கல்லில் நிற்கிறது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. பழைய பெட்டியில் அந்தப் படிவு விரல் தடிப்புக்கு ஏறி, உளி வைத்து உடைக்கவேண்டி வந்தது. எனவே புதியதன் வயிற்றுக்குள் கிணற்றுத் தண்ணீர் போகக்கூடாது என்று முதலிலேயே முடிவெடுத்தோம். கொதிகலனும் பக்கத்தில் நிற்கும் 1500 லீட்டர் சேமிப்புத் தாங்கியும் ஒரே சுற்று, அதில் இருப்பது கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர். நெல் ஊறும் தொட்டிக்குள் செப்புச் சுருள் வழியாக வெப்பம் மட்டும் போகிறது. கல் படிவது சுருளின் வெளியே, அதைச் சித்திரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவலாம்.

சேமிப்புத் தாங்கி இல்லாமல் இந்தக் கொதிகலன் வாங்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வாயுவாக்கம் முழு வேகத்தில் எரியும்போதுதான் சுத்தமாக எரிகிறது, அடக்கி வைத்தால் பழைய பெட்டியின் குணம் வந்துவிடும். அதனால் ஒரே மூச்சில் எரித்து வெப்பத்தைத் தண்ணீரில் சேமிக்கிறோம். 1000 லீட்டர் தண்ணீர் 60 பாகையிலிருந்து 85 பாகைக்கு ஏறினால் 29 கிலோவாட் மணி சேர்கிறது. திரும்பி வரும் தண்ணீர் 60 பாகைக்குக் கீழே இறங்காதபடி ஒரு கலப்பு வால்வும் கட்டாயம். இறங்கினால் புகையிலுள்ள ஈரமும் அமிலமும் இரும்பில் வியர்த்து, உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இதன் பயனை நெல்லில் கண்டோம். பச்சைத்தண்ணீரில் என்றால் ஒன்றிரண்டு நாள் ஊறிப் புளித்த மணம் ஏறும் நெல், இப்போது 70 பாகைத் தண்ணீரில் நாலு மணித்தியாலத்துக்குள் ஊறிவிடுகிறது. பழைய பெட்டியிலும் சுடுதண்ணீர் வந்தது, ஆனால் ஒருநாள் 80, மறுநாள் 55. அரிசியின் நிறமும் அதற்கேற்ப மாறும், வாடிக்கையாளரிடம் பேச்சும் வாங்குவோம்.

மின்சாரம் பெரிய தலையிடி. விசிறி நின்றால் நெருப்பு அடங்கும், பம்பி நின்றால் கொதிகலனில் வெப்பம் தேங்கும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தபோது, ஒரு பற்றரியும் இன்வேட்டரும் வாங்காமல் இதை மூட்டவே முடியாது என்று தெரிந்தது. விசிறியும் பம்பியும் சேர்ந்து இழுப்பது ஒன்றிரண்டு பழைய குண்டு பல்பு அளவு மின்சாரம்தான். அந்த வருடம் காஸ் சிலிண்டர் இல்லாமல் ஊர் முழுவதும் விறகுக்குத் திரும்பி, விறகு விலை ஏறியபோது பாதி விறகில் வேலை முடிந்தது ஆறுதல். (பெற்றோல் இல்லாத இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவில் விறகு வாயுவில் கார் ஓட்டினார்கள். தொண்ணூறுகளில் நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். யாராவது அப்போது இதைச் சொல்லித் தந்திருக்கலாம்.)

2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் நின்ற ஞாயிற்றுக்கிழமை, மேலறை நிறைய விறகோடு கொதிகலன் முழுவேகத்தில் எரிந்துகொண்டிருந்தது. இன்வேட்டர் பற்றரி அன்று சார்ஜுக்குப் போயிருந்தது. தண்ணீர் 95 பாகையைத் தாண்டியதும் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து, மேல்தாங்கித் தண்ணீர் உள்ளிருக்கும் குளிர்ச்சுருள் வழியாக ஓடி வெப்பத்தை வெளியே கொண்டுபோனது. அந்த வால்வைக் கழற்றிவிட்டுப் பூட்டலாம், செலவு குறையும் என்று பூட்ட வந்தவர் சொல்லியிருந்தார். மேல்தாங்கி நிறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இப்போது தீமூட்டுகிறோம்.

இது நீராவி தராது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஊறிய நெல்லை அவிக்கும் பீப்பா இன்னும் பழைய அடுப்பில்தான் இருக்கிறது. அதற்குச் சூடான தண்ணீரை ஊற்றித் தொடங்குவதால் நேரம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். முழு வேலையையும் ஒரு உலையில் முடிக்க நினைப்பவர்கள் நீராவிக் கொதிகலனைத்தான் தேடவேண்டும். ஆனால் மாரிகாலத்தில் இன்னொரு உபயோகம் கிடைத்தது. உடைந்த லொறியின் ரேடியேற்றர் ஒன்றைக் கழற்றி, சுடுதண்ணீரை அதனூடாக விட்டு, பின்னால் மின்விசிறி வைத்தோம். களத்தில் படங்கு போட்டு மூடிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்த நெல், இப்போது கொட்டிலுக்குள் மெதுவாகக் காய்கிறது.

செலவில் பெரியது துவாரக் கல். அது வெடிக்கும், வெடித்தே தீரும். எங்களுடையதில் முதல் வெடிப்பு வந்ததும் சுடுகல் சீமெந்தால் பூசி ஓட்டினோம். மாற்றுக் கல்லை மச்சான் அடுத்த முறை வரும்போது கொண்டுவருவார். உள்ளூரில் வாங்க முடியாத உதிரிப்பாகம் என்றால் கதவு இடுக்கை அடைக்கும் கயிறும் துவாரக் கல்லும்தான், வாங்கும்போதே ஒரு சோடி கூடுதலாகக் கேளுங்கள்.

இப்போது பார்த்துக்கொண்டிருப்பது ஊமல், அதாவது பனங்கிழங்கு எடுத்தபின் மிஞ்சும் பனங்கொட்டை. கிழங்கு கிண்டும் காலத்தில் வளவு வளவாகக் குவிந்து கிடக்கும், கேட்டால் அள்ளிக்கொண்டு போ என்கிறார்கள். பாதிக்குப் பாதி வேப்பம் விறகோடு கலந்து போட்டதில் சுவாலை சுத்தமாக எரிந்தது, சாம்பல் கட்டவில்லை. தனியாகப் போட்டால் உருண்டு துவாரத்தை மூடிக்கொள்கிறது. தை மாதம் வர இரண்டு லான்ட்மாஸ்ரர் பெட்டி ஏற்றச் சொல்லியிருக்கிறேன், விறகுக் கொட்டிலின் தென்பக்கம் அதற்காகக் காலியாக இருக்கிறது.