அண்ணா நகரில் பழைய பிளாட்: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

சென்னை அண்ணா நகரில் பழைய பிளாட் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வேலை இப்போதுதான் முடிந்திருக்கிறது. சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ஏரியாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டு வசதி வாரியம் அளந்து போட்ட நேரான தெருக்கள், இரண்டு பக்கமும் மரம். மெட்ரோ வந்த பிறகு சென்ட்ரலுக்குப் போக வண்டியைத் தொடுவதே இல்லை. 1968 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய டவர் பல வருடம் பூட்டிக் கிடந்து 2023-இல் திறந்தது. மேலே ஏறிப் பார்த்தால், இத்தனை வீடுகளுக்கு நடுவே இவ்வளவு பச்சையா என்று மனசு நிறைந்துவிடும்.

எரிச்சல் எல்லாம் காம்பவுண்டுக்கு உள்ளேதான். இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடி மனையில், எட்டு வீடு. சமபங்கு என்பதால் ஆளுக்கு 600 சதுர அடி யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு. இடித்துக் கட்ட வரும் பில்டருக்கு வேண்டியது அந்த மண்தான். வாங்குகிறவர் கொடுக்கும் விலையும் பெரும்பாலும் அதற்குத்தான். அதனால் சுவரைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. தொட்டியைத் தாங்கும் ஸ்லாபில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. மீட்டிங்கில் சொன்னால் எல்லோருக்கும் ஒரே பதில்: "இடிக்கப்போற பில்டிங்குக்கு எதுக்கு சார் செலவு?"

இடிக்கவும் மாட்டார்கள். ஒருவருக்குக் கிழக்குப் பார்த்த வீடு வேண்டும், இன்னொருவருக்குக் கட்டி முடிக்கும்வரை பில்டர் தரும் வாடகை போதாது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்ற புதுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் எட்டுப் பேரில் ஆறு பேர் சேர வேண்டும். இன்னும் சேரவில்லை.

ஒரு துண்டு காரை கீழே நின்ற ஸ்கூட்டர் மேல் விழுந்த பிறகுதான் வேலை நடந்தது. அதுவும் குடியிருக்கிற நாலு வீட்டுக்காரர்கள் போட்ட பணத்தில். வெளிநாட்டில் இருக்கும் ஓனர்களின் பங்கு இன்னும் வரவில்லை. அந்த வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் டாக்டர்கள், ஐடிக்காரர்கள், ஐஏஎஸ் கோச்சிங்குக்கு வந்த பிள்ளைகள். மாதாமாதம் மெயின்டனன்ஸ் சரியாகக் கட்டுகிறவர்கள் அவர்கள்தான், ஆனால் மீட்டிங்கில் அவர்களுக்குப் பேச்சு இல்லை.

நியாயமும் சொல்ல வேண்டும். இரண்டாவது மாடிப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது, முட்டிவலி. இடித்துக் கட்டினால்தான் லிஃப்ட் வரும். காய்கறிப் பையை ஒவ்வொரு படியாக வைத்து வைத்து ஏறுகிற அவர், சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள் என்று கெஞ்சுவதில் என்ன தப்பு? சீரமைப்புக்குத் தன் பங்கை முதலில் கொடுத்ததும் அவர்தான்.

சரி, வாங்கலாமா? வாங்காதீர்கள், வாடகைக்கு வாருங்கள். பார்த்தே தீருவேன் என்றால் பத்திரத்தில் யூடிஎஸ் எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் ஹால், கிச்சனைப் பார்ப்பதற்கு முன்னால் மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஓனர்களில் எத்தனை பேர் அங்கேயே குடியிருக்கிறார்கள் என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள், புரோக்கரிடம் வேண்டாம்.

என் வீட்டைக் கேட்டு நேற்றுகூட ஒரு புரோக்கர் போன் செய்தார். விற்கிற எண்ணமே இல்லை என்று சொல்லிவிட்டேன்.