இங்கிலாந்தின் மண்கோட்டைகளைப் படிக்க இலவச லைடார்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

வெள்ள அபாயத்தைக் கணக்கிடத்தான் இங்கிலாந்தின் அரசு அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சி விமானத்திலிருந்து லேசர் விட்டு நிலத்தை அளக்கிறது. இந்த முறைக்குத்தான் லைடார் என்று பெயர். 2015 முதல் அந்த அளவுகளை யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பழைய மண்கரையும் அகழியும் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இந்த விலையில் கிடையாது. விலையே கிடையாது என்பது வேறு விஷயம்!

இரண்டு வகை உயரக் கோப்புகள் உண்டு. இறக்கும்போது மேற்பரப்பைக் காட்டும் டி.எஸ்.எம். வேண்டாம், மரம், கூரை எல்லாம் அதில் வந்துவிடும். மரங்களைக் கழித்த வெறும் தரை, டி.டி.எம். என்ற மற்ற வகையில்தான் இருக்கிறது. 1 மீட்டர் கட்டத்தில், 5 கிலோமீட்டர் சதுரத் துண்டுகளாகக் கிடைக்கும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்ததும் வெறும் சாம்பல்தான் தெரியும். ஹில்ஷேடு போடுங்கள், அதாவது ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்ததுபோல மேடுபள்ளத்துக்கு நிழல் கொடுக்கும் வசதி. வெளிச்சத்தின் திசை 315 பாகை (வடமேற்கு), உயரம் 45 பாகை என்பது வழக்கம். தேய்ந்துபோன கரைகளுக்கு உயரத்தை 20-25க்கு இறக்கினால்தான் நிழல் விழும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். வடமேற்கிலிருந்து வெளிச்சம் வந்தால், அதே போக்கில் ஓடும் கரை நிழலில்லாமல் மறைந்துவிடும். அதனால் முழு வட்டக்கரைகூட வடகிழக்கிலும் தென்மேற்கிலும் விட்டுப்போனதுபோலத் தெரியும். உடனே 'இரண்டு வாசல்' என்று எழுதிவிடுகிறார்கள். திசையை 45 பாகைக்கு (வடகிழக்கு) மாற்றிப் பாருங்கள். அப்போதும் இடைவெளி நின்றால்தான் வாசலைப் பற்றி யோசிக்கலாம். அடர்ந்த ஊசியிலைக் காட்டில் லேசர் தரையைத் தொடுவதே குறைவு. விட்டுப்போன இடத்தை மென்பொருள் முக்கோணத் தகடுகளாக நிரப்பும். அதைக் கரை என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து கரைக்குக் குறுக்கே ஒரு வெட்டுமுகம் எடுங்கள். அகழி கரைக்கு வெளியே இருந்தால் தற்காப்பு என்று ஊகிக்கலாம். வில்ட்ஷயரின் ஏவ்பரிபோல உள்ளே இருந்தால் அது சடங்குக்கான வட்டக்கரை, அதாவது ஹெஞ்ச். பல ஹெக்டேர் சுற்றினால் இரும்புக்கால மலைக்கோட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறிய வட்டமும் தடித்த கரையும் என்றால் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் வட்ட மண்கோட்டையான ரிங்வொர்க்கை நினைக்கலாம். சாலிஸ்பரி பக்கத்து ஓல்ட் சாரமில் இரண்டும் ஒரே இடத்தில்: வெளிக்கரை இரும்புக்காலத்தது, நடுவிலுள்ள வட்டம் நார்மன் கோட்டை.

காலத்தை மட்டும் லைடார் சொல்லாது. வில்ட்ஷயரின் மார்ல்பரோ ஊரிலுள்ள சுமார் 19 மீட்டர் மேடு நார்மன் கோட்டைக்குக் கொட்டியதா, அதற்கும் முந்தியதா என்று வெகுகாலம் வாதம். துளையிட்டு எடுத்த கரித்துண்டுகள் கி.மு. 2400 வாக்கில் என்று காட்டின. யார்க்‌ஷயரின் ஸ்கிப்சி மேடும் 2016இல் இரும்புக்காலம் என்று தெரிந்தது. இரண்டிலும் நார்மன்கள் பின்னால் வந்து குடியேறியவர்கள்தான்.

உயர அளவில் 15 சென்டிமீட்டர்வரை பிசகு வரலாம். ஆகவே உழுது மட்டமான கரைக்கு, புதைந்த அகழியின் மேல் பயிர் நிறம் மாறுவதைக் காட்டும் வான்படமே கதி. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களையும் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள், அதுவும் இலவசம். நீங்கள் 'கோட்டை மேடு' என்று நினைப்பது பல சமயம் பழைய காற்றாலை நின்ற திட்டு. உச்சியில் சிலுவை வடிவில் பள்ளம் தெரிந்தால், ஆலையைத் தாங்கிய குறுக்கு உத்திரங்கள் கிடந்த தடம் அது.