வடசேரி டீக்கடை மச்சில் நாடக அரங்கு: வாடகைக்கு எடுக்கலாமா?

மேடையில் ஐந்து பேருக்கு மேல் இல்லாத, இடைவேளை இல்லாத, 65 நிமிடத்துக்குள் முடிகிற நாடகம் கையில் இருந்தால் எடுக்கலாம். பெரிய அரங்கப் பொருள் வைத்து, இரண்டு அங்கமாக, இரவு எட்டு மணிக்குப் போட நினைத்தால் வேண்டாம். ஏன் என்பது மாடியைப் பார்த்தால் தெரியாது, கீழே உள்ள கடையைப் பார்த்தால் தெரியும்.

இடம் நாகர்கோவில் வடசேரி, பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். கீழே டீயும் ரசவடையும் ஏத்தன்பழ பஜ்ஜியும், இரவில் புரோட்டா. மேலே 31 அடி நீளம், 18 அடி அகலத்தில் ஒரே அறை. உயரம் 10 அடி. முன்பு டியூஷன் நடந்த அறை என்பதால் ஜன்னல்கள் அதிகம், ஆறு இருக்கின்றன. ஒரு மாலைக்கு 1,500 ரூபாய் வாடகை, பிற்பகல் இரண்டு மணிக்குச் சாவி தருகிறார்கள். ஊரில் கல்யாண மண்டபங்களுக்குக் குறைவில்லை. ஆனால் 500 பேர் உட்காரும் கூடத்தில் நாற்பது பேர் சிதறி உட்கார்ந்தால் நடிகனின் குரல் எங்கேயும் போய்ச் சேராது. சின்ன அறையின் தேவை அங்கேதான் வருகிறது.

கடைக்கு மேலே நாடகம் போடுவது லண்டனில் ஐம்பது ஆண்டுப் பழக்கம். விளிம்பு நாடகம் (ஃபிரிஞ்ச்) என்ற பேச்சு அதற்கும் முன்னால் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தொடங்கியது. 1947இல் அங்கே நடந்த முதல் சர்வதேச விழாவுக்கு அழைப்பில்லாத எட்டுக் குழுக்கள் தாங்களாகவே வந்து, கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. அன்றைக்கு பிரிட்டனில் பொதுமேடைக்கு வரும் நாடகப் பிரதியை லார்ட் சேம்பர்லைன் என்ற அரண்மனை அதிகாரி படித்து அனுமதிக்க வேண்டும். 1737இல் சட்டமான அந்தத் தணிக்கை 1968இல்தான் போனது. அடுத்த சில ஆண்டுகளில் பப் எனும் மதுக்கடைகளின் மாடியும் பின்னறையும் அரங்காக மாறத் தொடங்கின. 1970இல் லண்டன் இஸ்லிங்டனில் கிங்ஸ் ஹெட் பப்பின் பின்பக்கம், ஒரு காலத்தில் குத்துச்சண்டை நடந்த அறையை, டான் க்ராஃபோர்ட் அரங்காக்கினார். 1972இல் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் புஷ் அரங்கு வந்தது. 1979இல் நாட்டிங் ஹில்லில் பிரின்ஸ் ஆல்பர்ட் பப்பின் மேலே கேட், 1980இல் ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஃபின்பரோ. ஃபின்பரோவில் இருக்கை ஐம்பதுதான்.

வடசேரி அறைக்கு இந்தக் கதை எதற்கு என்றால், அங்கே எது நின்றது, எது நிற்கவில்லை என்பதில் நமக்குக் கணக்கு இருக்கிறது. பப்காரருக்கு மாடி அறை சும்மா கிடக்கும் இடம். நாடகம் பார்க்க வருகிறவர் முன்னும் பின்னும் கீழே குடிப்பார், அதனால் அறை மலிவாகக் கிடைத்தது. கிங்ஸ் ஹெட்டில் ஒரு படி மேலே போய், நாடகத்துக்கு முன் அரங்குக்குள்ளேயே சாப்பாடு பரிமாறினார்கள். சின்ன இடம் என்பதால் தரம் குறைந்ததும் இல்லை. பாட்டர்ஸீயில் லாட்ச்மியர் பப்பின் மேலே உள்ள தியேட்டர் 503க்கு அறுபத்துச் சொச்சம் இருக்கைதான். 2009இல் அங்கே முதலில் அரங்கேறிய ஒரு நாடகம் மறு ஆண்டு ஒலிவியர் விருதில் சிறந்த புதிய நாடகமாகத் தேர்வானது. அதே சமயம், வளர்ந்த அரங்குகள் கடையை விட்டுப் போயின. புஷ் 2011இல் பழைய நூலகக் கட்டடத்துக்கும், கேட் 2022இல் கேம்டனுக்கும், கிங்ஸ் ஹெட் 2024இல் புதிதாகக் கட்டிய அரங்குக்கும் மாறின. மாடி அறை சின்ன நாடகத்துக்கான இடம். அதைப் பெரிய அரங்கின் ஏழைத் தம்பியாக நினைத்து எடுக்கிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

இனி வடசேரிக்கு வருவோம். முதல் சிக்கல் சத்தம். ஆறரைக்குப் புரோட்டா மாவை வீசி அடிக்கத் தொடங்குகிறார்கள். அது தரை வழியாக மெல்லிய அதிர்வாக வரும், தாங்கலாம். ஏழரைக்குக் கொத்து புரோட்டா. இரண்டு இரும்புத் தகடுகள் கல்லில் விழும் அந்தத் தாளம் படிக்கட்டு வழியாக நேராக மேலே ஏறுகிறது, எந்த வசனமும் அதன்முன் நிற்காது. அதனால் ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்து, ஆறு பத்துக்குத் தொடங்கி, ஏழேகாலுக்கு முடித்துவிட வேண்டும். தக்கலை, குலசேகரம் பக்கம் போகிறவர்களுக்கும் பஸ் பிடிக்க இது வசதி.

சுவரில் முட்டை அட்டை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அது வெளிச் சத்தத்தைத் தடுக்காது, அறைக்குள் எதிரொலியைச் சற்றே குறைக்கும், தீப்பிடித்தால் சடசடவென்று எரியும். எடுத்துவிடச் சொல்லுங்கள். பதிலாகக் கதவின் அடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைத்து, படிக்கட்டுப் பக்கம் ஜமுக்காளத்தை இரட்டையாகத் தொங்கவிட்டால் வித்தியாசம் தெரியும். மைக் வேண்டாம். சிமென்ட் தரையும் வெறும் சுவரும் குரலை ஏற்கெனவே பெரிதாக்குகின்றன, மைக் வைத்தால் சொற்கள் குழம்பிவிடும்.

மேடையை நீளவாக்கில் ஒரு முனையில் போடுவதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் தவறும். தரை சமதளம், நான்காம் வரிசைக்குப் பின் முன்னால் இருப்பவரின் தலை மட்டுமே தெரியும். 31 அடிச் சுவரோரம் நடிப்பிடத்தை வைத்து, எதிரே மூன்றே வரிசை போடுங்கள். முதல் வரிசை தரையில் ஜமுக்காளம், இரண்டாவது கை இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி, மூன்றாவது ஒரு அடி உயர மரப்பலகை மேல் நாற்காலி. இருபுறமும் மூன்றரை அடி வழி விட்டால் வரிசைக்கு 15 பேர், மொத்தம் 45. வரிசைக்கு மூன்றடி போக, நடிக்க ஒன்பது அடி ஆழம் மிஞ்சும். கை வைத்த நாற்காலி போட்டால் வரிசைக்கு 13க்கு மேல் போகாது.

விளக்குதான் இந்த அறையில் அதிகம் சோதிக்கும். முகத்துக்கு மேலிருந்து சுமார் 45 பாகைச் சாய்வில் ஒளி விழுந்தால் கண்ணும் மூக்கும் தெளிவாக இருக்கும். இங்கே ஒன்பது அடியில் விளக்கைக் கட்டி, எட்டடி தள்ளி நடிகர் நின்றால் சாய்வு 25 பாகைகூட வராது. முகம் தட்டையாகும், நிழல் பின்சுவரில் விழும். நடிகரைச் சுவரிலிருந்து நாலடி முன்னே நிறுத்தி, பக்கவாட்டில் இரண்டு விளக்கைத் தலை உயரத்தில் வைத்தால் பாதி சரியாகும். மின்விசிறி இறக்கைக்கு மேலே எந்த விளக்கும் கட்டாதீர்கள். விசிறி சுற்றும்போது ஒளி வெட்டி வெட்டி விழும், பார்ப்பவருக்குத் தலைவலி வரும். விசிறியை நிறுத்தினால் அறை பத்தே நிமிடத்தில் வெந்துபோகும், ஆகவே 500 வாட் ஹாலஜனைவிட வெதுவெதுப்பான வெள்ளை எல்இடி பார் (PAR) விளக்கே இங்கே ஏற்றது.

மின்சாரத்தைக் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். 16 ஆம்பியர் பிளக் ஒன்றுதான் இருக்கிறது. 230 வோல்ட்டில் அது 3,680 வாட், பாதுகாப்புக்கு 2,900க்குள் நிறுத்துவது நல்லது. அந்த லைனில்தான் கீழே உள்ள கிரைண்டரும் ஓடுகிறது. அது கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் விழுந்து விளக்கு கண் சிமிட்டும், சுமை கூடினால் டிரிப் ஆகும். நாடக நேரத்தில் மாவரைக்க மாட்டோம் என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, மாவு எப்போது அரைப்பார்கள் என்று மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படிக்கட்டு வெளிப்புறம், மூன்றடி அகலம், நடுவில் ஒரு திருப்பம். எட்டடித் தட்டிகள் அந்தத் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். நாலுக்கு ஆறு அடியில் கீல் வைத்து மடக்கும் தட்டிகள்தான் ஏறும். வெளியேற வேறு வழி இல்லை என்பது இந்த இடத்தின் பெரிய குறை. 45 பேருக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றக் கூடாது, நின்று பார்க்கிறேன் என்பவரையும். மேடையில் சூடமும் பந்தமும் வேண்டாம். கறுப்புத் திரைக்குப் பாலியஸ்டர் எடுக்காமல் பருத்தி எடுத்து, இரண்டு லிட்டர் வெந்நீரில் 200 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 85 கிராம் போரிக் அமிலமும் கரைத்து முக்கிக் காயவைத்தால் எளிதில் தீப்பற்றாது. துவைத்தால் மருந்து போய்விடும், மறுபடி முக்க வேண்டும். பாலியஸ்டரில் இது பிடிக்காது.

மழைக்காலம் இன்னொன்று. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. படிக்கட்டின் மேல் போட்டிருக்கும் தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஜனவரி, பிப்ரவரி இந்த அறைக்கு நல்ல மாதங்கள்.

கணக்கு இப்படி வரும். டிக்கெட் 120 ரூபாய், அதில் டீயும் ரசவடையும் சேர்த்தி. கடைக்கு ஆளுக்கு 30. அறை நிறைந்தால் வசூல் 5,400, கடைக்கு 1,350, வாடகை 1,500, கையில் 2,550. முப்பது பேர்தான் வந்தால் 1,200. விளக்கு வாடகையும் லோடு ஆட்டோவும் அதற்குள் முடிய வேண்டும். டிக்கெட்டில் பாதியைக் கிழித்துக் கீழே கொடுக்கும்படி அச்சடியுங்கள். எத்தனை வடை என்பதைக் காலையிலேயே சொல்லுங்கள், 45 பேர் ஒன்றாக இறங்கி டீ கேட்டால் கல்லா திணறும். தின்பண்டமும் மேடையும் ஒன்றை ஒன்று தாங்குவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன், சிறுவயதில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர், வில்லுப்பாட்டிலிருந்து நாடகத்துக்கு வந்தவர்.

அனுமதி விஷயத்தில் பழைய பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. நாடகப் பிரதியைப் போலீஸிடம் காட்ட வைத்த 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று சொல்லிவிட்டது.

இந்த அறைக்கு மிகப் பொருந்துவது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் தோல்பாவைக்கூத்து. இந்த மாவட்டத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. வெள்ளைத் துணியும் பின்னால் ஒரே விளக்கும் போதும், தாழ்ந்த கூரை தடையில்லை, ஒன்பது அடி ஆழம் தாராளம். ஜன்னல்களை மட்டும் கறுப்புத் துணியால் நன்றாக மூட வேண்டும், ஆறேகாலுக்கு மேற்கு ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருக்கும். வில்லுப்பாட்டுக்கும் இடம் போதும். ஆனால் குடமும் உடுக்கும் இந்தச் சிமென்ட் அறையில் காதை அடைக்கும், வில்லுக்கு அடியிலும் பாடுவோருக்குப் பின்னாலும் கனத்த ஜமுக்காளம் போடுங்கள். முன்பதிவுக்கு 500 ரூபாய் முன்பணம். சனிக்கிழமை தவிர எந்த நாளும் தருகிறார்கள், சனிக்கிழமை கொத்து புரோட்டா ஆறு மணிக்கே தொடங்கிவிடும்.