எதிர்ப்பு மரபணுவைச் சேர்ப்பதா, நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுவைத் திருத்துவதா?

நெற்பயிரைத் தாக்கும் பாக்டீரியா இலைக்கருகல் நோயை மருந்து தெளித்து ஓரளவுக்கு மேல் கட்டுப்படுத்த முடிவதில்லை. நோய்க்கிருமியான சாந்தோமோனாஸ் ஒரைசே இலை விளிம்பிலுள்ள நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் நுழைந்து, நீர் செல்லும் குழாய்களுக்குள்ளேயே பெருகுவதால், ரகத்தின் மரபணுக்களில் அமைந்த எதிர்ப்புத்திறனே முதன்மையான காப்பாகிறது. அதைப் பயிருக்குக் கொடுக்க இரண்டு வழிகள் உள்ளன. கிருமியை அடையாளங்கண்டு எதிர்க்கும் மரபணுவைச் சேர்ப்பது ஒன்று. கிருமி தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் பயிரின் சொந்த மரபணுவை, அதற்கு உதவாதபடி மாற்றுவது மற்றொன்று.

முதல் வழி பழையது. மாலி நாட்டுக் காட்டு நெல்லான ஒரைசா லாஞ்சிஸ்டாமினேட்டாவிலிருந்து பெறப்பட்ட எக்ஸ்.ஏ.21 இதற்கு நல்ல சான்று. 1995-இல் அமெரிக்க ஆய்வாளர் பமீலா ரொனால்டு குழுவினர் இதைப் பிரித்தெடுத்தபோது, செல்லின் மேற்பரப்பில் நின்று கிருமியை உணரும் ஏற்பிப் புரதத்தை இம்மரபணு உருவாக்குவது தெரியவந்தது. கிருமி வெளியிடும் ராக்ஸ்-எக்ஸ் என்னும் சிறு புரதத்தையே அது உணர்கிறது என்பது 2015-இல் வெளிப்பட்டது. ஓங்கு மரபணு ஆதலால் ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே இது வேலை செய்யும். ஆனால் உணரப்படும் அடையாளத்தைக் கிருமி மாற்றிக்கொண்டால் காப்பு பொய்த்துவிடும். தமிழ்நாட்டிலும் பரவலாகப் பயிரான ஐ.ஆர்.20 உட்படப் பல ரகங்களில் இருந்த எக்ஸ்.ஏ.4 மரபணுவை, பிலிப்பைன்ஸில் கிருமியின் புதிய இனங்கள் நாளடைவில் வென்றன. கோதுமையில் நடந்தது இன்னும் கவலைக்குரியது: உலகின் பல ரகங்கள் நம்பியிருந்த எஸ்.ஆர்.31 மரபணுவை, 1998-இல் உகாண்டாவில் கண்டறியப்பட்டு யூஜி99 எனப் பெயர்பெற்ற தண்டுத்துருப் பூஞ்சை முறியடித்தது. ஒரே மரபணுவை மிகப் பரந்த நிலப்பரப்பில் பயிரிடுவதே அதை முறியடிக்கும் இனத்தைப் பெருக்கிவிடுகிறது என்பதால், இதைத் தற்செயல் விபத்தாக நான் கருதவில்லை.

இரண்டாம் வழியின் வலிமையை வாற்கோதுமையில் காணலாம். எம்.எல்.ஓ. என்னும் மரபணு செயலிழந்த செடிகளைச் சாம்பல்நோய் அணுகுவதில்லை. இத்தகைய மாற்றம் 1942-இல் ஜெர்மனியில் கதிர்வீச்சால் உண்டாக்கப்பட்டது. எத்தியோப்பிய நாட்டு ரகங்களில் அதே மரபணுவின் வேறொரு செயலிழப்பு இயற்கையாகவே இருந்தது. ஐரோப்பிய வயல்களில் 1970களின் இறுதியிலிருந்து பயன்பட்டும் இந்த எதிர்ப்பு இன்றுவரை நிலைத்து நிற்கிறது. நெல்லின் எக்ஸ்.ஏ.13 இதே வகையைச் சேர்ந்தது. பாக்டீரியா ஒரு புரதத்தைச் செல்லுக்குள் செலுத்தி, சர்க்கரையை வெளியேற்றும் ஸ்வீட்11 மரபணுவைத் தூண்டி, வெளியே வரும் சர்க்கரையை உண்டு வளர்கிறது. எக்ஸ்.ஏ.13 உள்ள நெல்லில், அந்த மரபணுவை இயக்கும் பகுதியான தூண்டு பகுதி மாறியிருப்பதால் கிருமியின் புரதம் அங்கே ஒட்ட முடிவதில்லை.

இந்த வழிக்கு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கிருமிக்கு உதவுவதற்காகச் செடி எந்த மரபணுவையும் வைத்திருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் செடிக்குள் சொந்த வேலை இருக்கிறது. எம்.எல்.ஓ. இழந்த வாற்கோதுமை இலைகளில் தானாகவே கருகற்புள்ளிகள் தோன்றலாம். ஸ்வீட்11 மகரந்த வளர்ச்சிக்குத் தேவைப்படுவதால், அதன் செயல்பாட்டை முழுவதும் அடக்கினால் மணி பிடிப்பது பாதிக்கப்படுகிறது. ஆகவே எந்த மரபணுவை மாற்றுகிறோம் என்பதைப் போலவே அதில் எந்த இடத்தை மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். தூண்டு பகுதியில் கிருமியின் புரதம் ஒட்டும் சில டி.என்.ஏ. எழுத்துகளை மட்டும் மாற்றினால் மரபணுவின் இயல்பான வேலை கெடுவதில்லை. கோதுமையின் எம்.எல்.ஓ. பகுதியில் ஒரு பெரிய நீக்கம் அருகிலிருந்த சர்க்கரைக் கடத்தி மரபணுவை ஊக்கியதால், விளைச்சல் குறையாமலேயே சாம்பல்நோய் எதிர்ப்பு கிடைத்ததை 2022-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நிலைப்புத் தன்மையிலும் இரண்டாம் வழி எப்போதும் மேலானது என்று சொல்லிவிட முடியாது. ஸ்வீட்11 கிடைக்காத இடத்தில் ஸ்வீட்14-ஐத் தூண்டும் இனங்கள் எக்ஸ்.ஏ.13-ஐ எளிதில் கடந்துவிடுகின்றன. அதனால்தான் 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், ஸ்வீட்11, 13, 14 ஆகிய மூன்றின் தூண்டு பகுதிகளும் ஐ.ஆர்.64 உள்ளிட்ட நெற்களில் ஒருசேரத் திருத்தப்பட்டன. எம்.எல்.ஓ. நிலைத்ததற்கும் எக்ஸ்.ஏ.13 கடக்கப்பட்டதற்கும் உள்ள வேறுபாடாக எனக்குப் படுவது, கிருமிக்கு மாற்றுவழி இருக்கிறதா என்பதே.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதை வயல் ஏற்கவில்லை. நம் விவசாயிகள் ஆந்திரா பொன்னி என்றழைக்கும் பி.பி.டி. 5204 ரகத்தில் எக்ஸ்.ஏ.21, எக்ஸ்.ஏ.13, எக்ஸ்.ஏ.5 ஆகிய மூன்றையும் அடுக்கி, ஐதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-இல் வெளியானது. மூன்றில் முதலாவது கிருமியை உணர்வது. மற்ற இரண்டும் அதற்கு இடங்கொடாதவை. வேறுவேறு விதமாகச் செயல்படும் காப்புகளை ஒருசேரக் கடப்பது கிருமிக்கு மிகக் கடினம் என்பதால், இன்றைய நிலையில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன். ஆனால் எக்ஸ்.ஏ.13-உம் எக்ஸ்.ஏ.5-உம் ஒடுங்கு மரபணுக்கள். வீரிய ஒட்டு நெல்லில் பெற்றோர் இரண்டிலும் இருந்தால்தான் அவை பயன்படும். அங்கே எக்ஸ்.ஏ.21 போன்ற ஓங்கு மரபணுவே வசதி.

சூழல் நெருக்கடிகளைத் தாங்கும் திறனிலும் இதே இரு வழிகளைக் காண்கிறோம். 2025 மே மாதம் இந்தியா அறிவித்த மரபணுத் திருத்த நெல் ரகங்களில் ஒன்றான பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1, வறட்சியையும் உப்பையும் தாங்குவதைத் தடுத்துவந்த டி.எஸ்.டி. மரபணுவை எம்.டி.யு.1010 ரகத்தில் முடக்கிப் பெறப்பட்டது. வெள்ளத்தில் மூழ்கினால் வளர்ச்சியை நிறுத்தி மாவுச்சத்தைச் சேமிக்கச் செய்யும் சப்1ஏ மரபணுவின் வெள்ளந்தாங்கும் வடிவமோ பெரும்பாலான ரகங்களில் இல்லை. ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்னும் நாட்டு நெல்லிலிருந்து அதைக் கலப்பினால் கொண்டுவந்த பிறகே, ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் சுவர்ணா சப்1-உம் சி.ஆர்.1009 சப்1-உம் கிடைத்தன. அயல் மரபணு எஞ்சாத திருத்தங்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான விதிகளிலிருந்து இந்தியாவில் 2022-இல் விதிவிலக்கு கிடைத்தபின் இரண்டாம் வழி விரைவாக முன்னேறும். ஆயினும் ரகத்தில் இல்லாத ஒன்றை அதிலுள்ள மரபணுவை முடக்கிப் பெற முடியாது. அதற்கு நாட்டு நெல்லும் காட்டு நெல்லும் விதை வங்கியில் உயிரோடு இருக்க வேண்டும்.